திருத்தணி வரைக்கும்: இழுவைப் பெட்டியின் பழுது குறித்து ஓர் ஆய்வு

பழுது வண்டியில் இருக்கிறதா, வண்டியில் ஏறுகிறவரிடம் இருக்கிறதா? டிராக்டருக்குப் பின்னால் பூட்டும் பெட்டியைப் பற்றி எழுதிய அறிஞர்கள் (அப்படி யாரையும் நான் கண்டதில்லை, ஆனால் ஆய்வுக் கட்டுரை இப்படித்தான் தொடங்க வேண்டும்) இந்தக் கேள்வியைத் தொடாமலே போய்விட்டார்கள். அந்தக் குறையைத் தீர்க்கவே இது எழுதப்படுகிறது. களம், திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பெட்டிகளின் மொத்த எண்ணிக்கை ஒன்று. அது என் சித்தப்பாவுடையது. மாதிரி போதாது என்பவர்கள் அவரிடமே நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

பெயரிலேயே சிக்கல் தொடங்குகிறது. பதிவுச் சான்றில் அது டிரெய்லர். டிராக்டருக்கு ஓர் எண், இதற்குத் தனியாக இன்னோர் எண் என்று அரசே மதித்துப் பதிவு செய்யும் பொருள். ஊர் வாயில் அது 'டெய்லர்'. பொதட்டூர்பேட்டையும் அத்திமாஞ்சேரிப்பேட்டையும் பக்கத்தில் இருக்க, தறியும் துணியுமாக வாழும் வட்டாரத்தில் இந்த உச்சரிப்பு ஆபத்தானது. "டெய்லரு ரெண்டு நாளா மழையில நனையுது, ஒரு தார்ப்பாய் போடக் கூடாதா?" என்று சித்தி கத்தியதைக் கேட்டு, வீட்டுக்கு வந்திருந்த சென்னை விருந்தாளி குடையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார். சினிமா டிரெய்லர் வேறு இருக்கிறது. அது படத்துக்கு முன்னால் வந்தாலும், தொடக்க காலத்தில் அமெரிக்கக் கொட்டகைகளில் படம் முடிந்த பிறகு காட்டியதால்தான் பின்தொடர்வது என்ற பொருளில் அந்தப் பெயர். எங்கள் டிரெய்லர் இந்த விஷயத்தில் சொல் தவறாதது. என்றைக்கும் பின்னால்தான் வரும், கொக்கி கழன்ற அந்த ஒரு நாளைத் தவிர. அதை இங்கே விவரிக்க சித்தப்பா அனுமதிக்கவில்லை.

வீட்டையே வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவதை மேல்நாட்டார் தங்கள் கண்டுபிடிப்பாகச் சொல்கிறார்கள். 1885-இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற முன்னாள் கடற்படை மருத்துவர் 'வாண்டரர்' என்று பெயரிட்டு ஒரு வீட்டு வண்டி செய்வித்து, இரண்டு குதிரை பூட்டி இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை போனார். உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டிய முதல் வண்டி என்று அதைச் சொல்வார்கள். உடன் ஒரு நாயையும் கிளி இனப் பறவை ஒன்றையும் கொண்டுபோனார். எங்கள் தொண்டை நாட்டை ஆண்ட இளந்திரையன் மேல் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் உமணர்களின் உப்பு வண்டி வருகிறது. அதில் கோழிக் கூடு இருக்கிறது, காடி வைத்த கலம் கட்டித் தொங்குகிறது, கைக்குழந்தைக்காரி ஒருத்தி மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறாள். குடித்தனம் முழுக்க வண்டியில். கிளியா கோழியா, வழிப்பயணத்துக்கு எது உதவும் என்பதை வாசகர் தீர்ப்புக்கே விடுகிறேன்.

பராமரிப்பு வரலாற்றில் இந்த உமணர்களுக்கு இதைவிடப் பெரிய இடம் உண்டு. பள்ளத்தில் இறங்கி மேட்டில் ஏறும்போது என்ன நேருமோ என்று அஞ்சி, வண்டியின் கீழ் மரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டியே கிளம்புவார்களாம். ஔவையார் புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிட்டுப் புகழ்கிறார். அதாவது ஒரு தலைவனை முகத்துக்கு நேரே ஸ்டெப்னி என்று சொல்லிப் பரிசும் எதிர்பார்த்த மொழி உலகில் நம்முடையதாகத்தான் இருக்கும். ஸ்டெப்னி என்பது 1904-இல் வேல்ஸ் நாட்டில், லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் பிறந்த மாற்றுச் சக்கரத்தின் பெயர். அந்தத் தெருவில் உமணர் யாரும் குடியிருந்தார்களா என்பது தனி ஆய்வுக்குரியது. சித்தப்பாவின் பெட்டிக்கு ஸ்டெப்னி கிடையாது. "அதுக்குத்தான் டிராக்டர் டயரு கீதே" என்பது அவருடைய விளக்கம். அளவு பொருந்தாதே என்றால், "அவசரத்துக்கு எவன்டா அளவு பாப்பான்?"

இனிப் பொருளுக்கு வருவோம். ஆண்டில் பதினொரு மாதம் இந்தப் பெட்டி எரு சுமக்கும், செங்கல் சுமக்கும், திருவாலங்காட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு சுமக்கும். பன்னிரண்டாவது மாதம் ஆடி. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குக் காவடி எடுக்கும் குடும்பம் எங்களுடையது. அப்போது அதே பெட்டி பயண வீடாகிறது. கழுவி, நான்கு மூலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மூங்கிலை வளைத்துச் செருகி, மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டி, அடியில் வைக்கோல் பரப்பி, வைக்கோல் மேல் ஜமக்காளம் விரித்தால் முடிந்தது. கழுவும்போதுதான் தளத் தகட்டில் ஓட்டைகள் தெரியும். யூரியா மூட்டை கிழிந்து கொட்டிய இடமெல்லாம் அரித்திருக்கும். உர உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து இரும்பைத் தின்னும். அதற்குப் பழைய எண்ணெய் டின்னை வெட்டிப் பிரித்து ஆணி அடிப்பது மரபு. எந்தக் கம்பெனி டின் என்ற எழுத்து மேலே தெரிய வேண்டும் என்பதும் மரபா என்று தெரியவில்லை.

பெரிய பழுதுகளைச் சரிசெய்வதில் பள்ளிப்பட்டில் இரண்டு தத்துவப் பள்ளிகள் உண்டு. ஒன்று வெல்டிங் மரபு. இதன் ஆசிரியர் என் மாமா. விரிசல் கண்ட இடத்தில் கம்பி உருக்கி ஊற்றி, இரும்பை இரும்போடு இரண்டறக் கலந்துவிட வேண்டும் என்பது அத்வைதம். மற்றது கட்டுக்கம்பி மரபு. சித்தப்பா இதன் தலைவர். இரண்டு பொருள் இரண்டாகவே இருக்கும், நாம் கட்டித்தான் வைக்க முடியும் என்பது இவர் துவைதம். வெல்டிங்கை எதிர்த்து இவர் வைக்கும் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. கொக்கிச் சட்டத்தில் மாமா மூன்று முறை வெல்டு வைத்தார். மூன்று முறையும் வெல்டு அப்படியே நின்றது, அதை ஒட்டிப் பக்கத்தில் விரிந்தது. சூடு பட்டு ஆறிய இரும்பு அந்த ஓரத்தில்தான் முரண்டு பிடிக்கும், குழி விழுந்த சாலையில் வளைந்து கொடுக்காது.

கட்டுக்கம்பி மரபுக்கு ஒரு மூலநூல் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டாரம் ஆந்திராவிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. புத்தூர் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. எல்லை மாறியதே தவிர, எலும்பு முறிந்தவர்கள் போகும் திசை மாறவில்லை. இன்றும் தென்னை மரத்திலிருந்து விழுந்தால் வண்டி புத்தூருக்குத்தான். பச்சிலை அரைத்துப் பூசி, முட்டை வெள்ளைக்கரு தடவி, மூங்கில் பத்தை வைத்துத் துணி சுற்றினால் புத்தூர் கட்டு. சித்தப்பா தன் கொக்கிச் சட்டத்துக்குச் செய்தது அதுவேதான்: இரண்டு பக்கமும் ஆங்கிள் துண்டு, சுற்றிலும் கட்டுக்கம்பி, குறடு போட்டு முறுக்கல். பச்சிலைக்குப் பதில் கிரீஸ். முட்டையை அவர் சேர்க்கவில்லை. சித்தி கொடுக்கவில்லை.

உட்காரும் முறைக்கு வருவோம். ஒற்றை அச்சுப் பெட்டியில் எடை எங்கே விழுகிறது என்பது உயிர்ப் பிரச்சினை. மேல்நாட்டுப் பயணப் பெட்டிக்காரர்கள் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பார்கள். குறைந்தால் பெட்டி வால் ஆட்டும், மிகவும் பின்னால் போனால் கொக்கியையே தூக்கும். எங்கள் வீட்டில் விழுக்காடு கணக்கு இல்லை. பெரியம்மா அச்சுக்கு முன்னால், அரிசி மூட்டையும் அண்டாவும் அச்சின் மேல், பிள்ளைகள் பின்னால். ஒரு வருஷம் பெரியம்மா காற்று வேண்டும் என்று பின்பக்கம் போய் உட்கார்ந்தார். ஏரிக்கரை மேட்டில் டிராக்டரின் பின்பக்கம் லேசாக எழும்பியதைச் சித்தப்பா இன்றும் இரண்டு கையையும் தூக்கி நடித்துக் காட்டுவார். பெரியம்மா இல்லாதபோதுதான்.

இப்போது மையச் சான்று. ஓர் ஆடியில் அத்திமாஞ்சேரிப்பேட்டை தாண்டும்போது பெரியம்மா தார்ப்பாயை விலக்கித் தலையை நீட்டினார். "டேய், அடியில கிர்ரு கிர்ருனு இன்னாவோ சத்தம் கீது. நிறுத்து." சித்தப்பா காது கொடுத்துக் கேட்டார். ஒன்றுமில்லை என்றார். "கரும்பு ஏத்திக்கினு எத்தன தடவ போயிருக்கோம், அப்பல்லாம் சத்தம் வந்துச்சா?" பெரியம்மா அசரவில்லை. "கரும்பு உன்கிட்ட பேசுமா?"

வண்டி புளிய மரத்தடியில் நின்றது. சோதனை முறை எளிது: சக்கரத்தின் நடுவில் கை வைப்பது. வலது பக்கம் வெதுவெதுப்பு, வைத்த கை தாங்கியது. இடது பக்கம் வைத்த கை வைத்த வேகத்தில் திரும்பி வந்தது. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டியபோது லொடலொட என்றது. மூடியைத் தட்டிக் கழற்றினால் உள்ளே கிரீஸ் இல்லை, கெட்டித் தயிர் இருந்தது. முந்தின மழையில் கிருஷ்ணாபுரம் அணையைத் திறந்துவிட்டு, கொசஸ்தலை ஆற்றுத் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியபோது சித்தப்பா அவசரமாகப் பெட்டியோடு கடந்திருக்கிறார். ஓடிச் சூடேறிய அச்சுக்குடம் குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். சுருங்கிய இடத்துக்கு சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நீரும் கிரீஸும் பேரிங் உருளைகளுக்கு நடுவே கடைந்து கடைந்து வெண்ணெய் நிறமாகிவிடும். அதன் பிறகு ஒரு கரும்புப் பருவம் முழுக்க ஓடியிருக்கிறது. கரும்பு பேசவில்லை.

கழற்றி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினார்கள். புது கிரீஸ் டப்பா வீட்டில் இருந்தது. பெரியம்மா பையைத் துழாவி, முழங்காலுக்குத் தடவக் கொண்டுவந்த விளக்கெண்ணெய் பாட்டிலை எடுத்தார். மாட்டு வண்டி அச்சுக்கு அந்தக் காலத்தில் விட்டது அதைத்தானே. "மூட்டுக்கு வெச்சிருந்தது" என்றார். "இதுவும் மூட்டுதாம்மா" என்றார் மாமா. வலது பக்கத்திலிருந்து கொஞ்சம் கிரீஸை வழித்து அதோடு பிசைந்து அடைத்தார்கள். நட்டை இறுக்கியபடியே சக்கரத்தைச் சுற்றி, இறுகியதும் ஒரு துளி தளர்த்தி, பின்னைச் செருகி மடக்கினார்கள். தளர்த்தாமல் விட்டால் மறுபடி காயும். இந்த ஒரு துளியில்தான் முழு வித்தையும் இருக்கிறது. அதைக் கையில் காட்ட முடியுமே தவிர எழுத்தில் சொல்ல முடியாது. "தாங்குமா?" என்று கேட்டேன். "திருத்தணி வரைக்கும் தாங்கும்" என்றார் சித்தப்பா. "வரும்போது?" அவர் மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

வண்டி கிளம்பியது. கிர்ரு கிர்ரு சத்தம் மறுபடி கேட்டது. தேடிப் பார்த்ததில், அண்டா மூடி அடுப்பின் மேல் உராய்ந்த சத்தம் அது.

தருக்க நூலார் மலையில் புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டென்பர். இங்கே பெரியம்மா கண்டது புகையே அல்ல, புழுதி. ஆனாலும் மலையில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. சத்தம் பொய், பழுது மெய். எனவே ஆய்வின் முடிவு: பழுதைக் கண்டுபிடிக்க ஸ்பானரோ ஜாக்கியோ போதாது, ஏறி உட்கார்ந்து குறை சொல்ல ஒரு பெரியம்மா வேண்டும். வலியறிதல் அதிகாரத்தில் மயிலிறகே ஏற்றினாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்ற வள்ளுவர், இறகுகள் வாய் விட்டுப் புலம்பியிருந்தால் வண்டிக்காரன் முன்பே நிறுத்தியிருப்பான் என்பதை விட்டுவிட்டார்.

ஒரு பின்குறிப்பு நேர்மைக்காகச் சேர்க்கப்படுகிறது. சரக்குப் பெட்டியில் ஆட்களை ஏற்றக் கூடாது என்பது சட்டம். அது சரியான சட்டம் என்பதை அந்த ஏரிக்கரை மேட்டில் இருந்த எவரும் மறுக்க மாட்டார். பேரப் பிள்ளைகள் பிடிவாதம் பிடித்த பிறகு பெரியம்மா பேருந்தில்தான் திருத்தணி போகிறார். பெட்டியில் அண்டாவும் விறகும் அரிசியும் மட்டும் போகின்றன. அவர் இறங்கிய நாளிலிருந்து சித்தப்பாவின் பெட்டியில் ஒரு பழுதுகூடக் கண்டுபிடிக்கப்படவில்லை. கொக்கிச் சட்டத்தின் கட்டுக்கம்பி துருவேறிப் போனதால் போன ஆடிக்கு அதன் மேலேயே இன்னொரு சுற்றுக் கட்டினார். தற்காலிகம்தான், திருத்தணி வரைக்கும்.