கொய்யா, சாவு, கருவாடு

சிங்கக் குட்டி சிம்பா மலை உச்சியில் தொப்பென்று விழுந்து படுக்கும். தூசி பறக்கும். அந்தத் தூசியில் 'செக்ஸ்' என்று எழுதியிருக்கிறது என்று 1995இல் அமெரிக்காவில் ஒரு கூட்டம் கொடி பிடித்தது. 1994இல் வந்த 'லயன் கிங்' படத்தில் வேலை பார்த்தவர்கள், "ஐயா, அது எஸ்.எஃப்.எக்ஸ், எஃபெக்ட்ஸ் பிரிவு விளையாட்டாகப் போட்ட கையெழுத்து" என்றார்கள். யார் கேட்டது? 'அலாதீன்' படத்தில் ஹீரோ புலியிடம் முணுமுணுப்பது, "இளசுகளே, துணியைக் கழற்றுங்கள்" என்று கேட்கிறதாம். புலியை விலகிப் போகச் சொல்லும் வசனம் அது என்றது டிஸ்னி. சாமல்பட்டியில் ரயில் கடக்கும்போது நாம் நினைக்கிற பாட்டெல்லாம் அந்தச் சத்தத்தில் கேட்குமே, அந்தக் கதைதான்.

ஒரு புகார் மட்டும் மெய். 1977இல் வந்த 'தி ரெஸ்க்யூவர்ஸ்' படத்தில், இரண்டே ஃபிரேமில், பின்னாலிருக்கும் ஜன்னலுக்குள் துணியில்லாத ஒரு பெண். 1999 ஜனவரியில் 34 லட்சம் வீடியோ கேசட்டைத் திரும்ப வாங்கினார்கள். ஒரு நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு நேரம் ஓடுகிற சமாச்சாரம்! நிறுத்தி நிறுத்திப் பார்த்த புண்ணியவானுக்கு வீட்டில் வேறு வேலை இருந்திருக்காது.

எங்கள் ஊர் கல்லாவியில் இந்தக் கார்ட்டூன் பஞ்சாயத்து கொஞ்சம் தாமதமாகத்தான் தொடங்கியது. 2006 தேர்தலில் திமுக வாக்குக் கொடுத்த இலவச கலர் டிவி எங்கள் தெருவுக்கும் வந்தது. 2007இல் சுட்டி டிவி வந்தது. இரண்டும் சேர்ந்ததும் சாயங்காலம் தெருவில் கில்லி ஆட ஆளில்லை.

'ஜாக்கிசான்' கார்ட்டூனில் ஒரு சீனத்துப் பெரியவர் வருவார். காய்ந்துபோன மீன் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு மந்திரம் சொல்வார், பச்சை வெளிச்சம் பாயும், பூதம் அலறும். தமிழில் டப்பிங் செய்தவர்கள் அந்த மந்திரத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். எங்கள் வாயில் அது, "யூ மோகை கொய்யா ஃபாடி சாவு" என்று வந்து நின்றது.

காய்ந்த மீனுக்கு எங்கே போவது? சமையல்கட்டு டப்பாவில் நெத்திலிக் கருவாடு இருந்தது. ஆளுக்கொன்று. நெத்திலியின் வாலைப் பிடித்து, தலையைப் புளியமரத்துப் பக்கம் நீட்டி, நானும் சித்தப்பா பையனும் தொண்டை கிழியக் கத்தினோம். பூதம் எதுவும் ஓடவில்லை. பூனைகள்தான் வந்தன, மூன்று.

ஆயாவுக்குப் பூனையும் பொருட்டில்லை, கருவாடும் பொருட்டில்லை. "வௌக்கு வெக்கிற நேரத்துல 'சாவு சாவு'ன்னு கத்திகினு இருக்குதுங்க. அந்தப் பொட்டிதான் சொல்லிக் குடுக்குது. யாரைடா சாவச் சொல்லுது?" என்று அப்பாவிடம் வழக்கு வைத்தது. அப்பா டிவி முன்னால் அரைமணி நேரம் காது கொடுத்து உட்கார்ந்தார். "கொய்யா வர வரைக்கும் சரியாத்தான் கேக்குது" என்று தீர்ப்புச் சொன்னார். அமெரிக்க அமைப்புகள் வருஷக்கணக்கில் செய்த ஆராய்ச்சி எங்கள் வீட்டில் அந்த அரைமணி நேரத்துக்குள் முடிந்தது. தண்டனை: ஒரு வாரம் டோரா மட்டும்.

டோராவை ஆயாவுக்குப் பிடிக்கும். கேள்வி கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருக்கும் மரியாதை தெரிந்த பெண். குள்ளநரி வந்தால் பிள்ளைகளுக்கு முன்னால் ஆயாதான் அதட்டும். ஆனால் நிஜமான உள்குத்து அங்கேதான் இருந்தது. அமெரிக்காவில் ஸ்பானிஷ் சொல்லிக்கொடுத்தவள், தமிழ் பேச ஆரம்பித்ததும் இங்கிலீஷ் வாத்தியாராகிவிட்டாள். 2009இல் கன்னடத்துக்கு சிண்டு டிவி, தெலுங்குக்கு குஷி டிவி என்று அதே குடும்பத்துச் சேனல்கள் வந்தன. ஓசூர்ப் பெரியம்மா வீட்டுத் தெருவில் மூன்று மொழிப் பிள்ளைகளும் உண்டு. மூன்று வீட்டிலும் கார்ட்டூன் பார்த்துவிட்டு சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தார்கள். இதை ஒளித்துவைத்துச் சொல்ல ஒரு ஃபிரேமும் தேவைப்படவில்லை.

அந்த சித்தப்பா பையன் இப்போது ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். போன வருஷம் மெஷின் மாட்டிக்கொடுக்க சீனாவிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார், கேன்டனீஸ் பேசுகிறவர். டீ நேரத்தில் நட்புக்காக இவன் கொய்யா மந்திரத்தை எடுத்துவிட்டான். மனிதர் டம்ளரைக் கீழே வைத்தார். உச்சரிப்பைத் திருத்தினார். பிறகு போனில் மொழிபெயர்ப்பைப் போட்டுக் காட்டினாராம்: "பேய் பிசாசுகளே, சீக்கிரம் ஓடிப்போங்கள்."

கடல் தாண்டி வந்த விருந்தாளியைப் பார்த்துச் சொன்ன முதல் வாக்கியம்.

"கோச்சுக்கிட்டாராடா?"

"இல்லண்ணா. மறுநாள் மெஷின் நின்னுபோச்சு. என்னையக் கூப்ட்டு, நேத்து சொன்னத இப்ப சொல்லுன்னாரு."

"ஓடுச்சா?"

"ஃபியூஸு. ஆமா, ஆயா அந்தக் கருவாட்டு டப்பாவ எங்க வெச்சிச்சு?"