திருப்பியல்: அரைச்சதுர முக்கோணம் பற்றிய ஒரு விசாரணை

அமெரிக்கர்கள் குவில்ட் என்று அழைக்கும் ஒட்டுத்துணிப் போர்வையைப் புகழ வந்தவர்கள் ஊசியைப் புகழ்ந்தார்கள், நூலைப் புகழ்ந்தார்கள், கத்தரிக்கோலையும் விட்டுவைக்கவில்லை. மணிக்கட்டை மட்டும் கண்டுகொள்ளவில்லை. அந்த அநீதிக்குப் பரிகாரமாகவே இக்கட்டுரை. இங்கே விசாரணைக்கு வரும் பொருள் அரைச்சதுர முக்கோணம். சிறு சதுரம் ஒன்று, அதன் மூலைக்கு மூலை ஒரு தையல், தையலுக்கு ஒரு பக்கம் வெளிர்நிறம், மறுபக்கம் அடர்நிறம். அவ்வளவுதான் அதன் அங்க அடையாளம். குவில்ட்டில் கற்பனை என்று கொண்டாடப்படுவதில் பெரும்பங்கு தைப்பதில் இல்லை, தைப்பதற்கு முன் துண்டைத் திருப்பிப் போடுவதில்தான் இருக்கிறது என்பது என் வாதம். இத்துறைக்குத் திருப்பியல் என்று பெயர் சூட்டுகிறேன். ஆட்சேபிக்க இதுவரை யாரும் இல்லை.

ஒரே நிறச் சதுரத்தை நாள் முழுக்கத் திருப்பினாலும் அது அதே சதுரம்தான். குறுக்கே பிரித்த சதுரமோ ஒவ்வொரு கால் வட்டத்துக்கும் வேறு முகம் காட்டுகிறது. ஆக, நான்கு முகம், பிரம்மாவுக்கு நிகர். நான்கு துண்டுகளின் குறுக்குத் தையல்கள் நடுவில் வந்து கூடுமாறு, நிறம் மாறி மாறி வைத்தால் காற்றாடி. நான்கையும் இருந்த இடத்திலேயே ஒரே பக்கமாகக் கால் வட்டம் திருப்பினால் காற்றாடி நின்றுவிடும், நடுவில் ஒரு சாய்சதுரம் எழும். அதில் எதிரெதிர் மூலைகளில் உள்ள இரண்டை மட்டும் தலைகீழாக்கினால் ‘உடைந்த தட்டுகள்’. இரண்டே துண்டுகளை முகம் பார்த்து நிறுத்தினால் ‘பறக்கும் வாத்து’. துணி மாறவில்லை, துண்டுகளை இணைக்க ஊசியில் இன்னும் நூல்கூடக் கோக்கவில்லை. அதற்குள் ஒரு வீட்டில் தட்டு உடைந்து, வாத்து பறந்துவிட்டது. 1928 முதல் 1961 வரை குவில்ட் வடிவங்களை வெளியிட்டுவந்த கான்சாஸ் சிட்டி ஸ்டார் நாளிதழுக்குச் சரக்குத் தீராமல் இருந்ததில் இந்த மணிக்கட்டு வேலைக்கும் ஒரு பங்கு உண்டு என்று துணிந்து சொல்லலாம்.

திருப்பியலின் மூலபுருஷர் தையற்காரர் அல்லர், பிரெஞ்சுப் பாதிரியார். ஓர்லேயான் கால்வாய்ப் பக்கம் போன செபாஸ்தியன் த்ரூஷே, தேவாலயத் தரைக்கென்று வைத்திருந்த, குறுக்கே இரு நிறமாகப் பிரிந்த ஓடுகளைப் பார்த்தார். மற்றவர்கள் மிதித்துவிட்டுப் போகும் பொருளை அவர் எண்ண ஆரம்பித்தார். இரண்டு ஓடுகளை ஒட்டிவைக்க 64 வழி. ஒன்றுபோல் இருப்பவற்றைக் கழித்தால் 10. இது 1704ஆம் ஆண்டுச் சங்கதி. இரண்டு ஓட்டுக்கே இந்தப் பாடு என்றால், வரிசைக்கு நான்காக 16 துண்டு கொண்ட ஒரு சின்னக் குவில்ட்டுக்கு? 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. நிமிடத்துக்கு ஒன்றாக, தூங்காமல் அடுக்கிப் பார்த்தாலும் 8,100 ஆண்டுக்கு மேல் ஆகும். எதைத் தைப்பது என்று முடிவெடுக்காமல் துணியைப் பரப்பிவைத்திருப்பவரைச் சோம்பேறி என்பது எவ்வளவு அறியாமை!

கட்டிலின் நான்கு பக்கத்திலிருந்தும் பார்த்தால் ஒரே போர்வை நான்காகக் கணக்கில் ஏறுகிறதே என்று ஒரு மறுப்பு எழலாம். நியாயம்தான். திருத்திக்கொள்கிறேன்: 107 கோடிச் சொச்சம், 2,000 ஆண்டுக்கு மேல். வாழ்க்கைக்குப் போதும். நிறம்தானே எல்லாம் செய்கிறது என்பது இன்னொரு மறுப்பு. நிறம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு வெளிரும் ஒரு அடரும் இருந்தாலே மேற்சொன்ன கோடிகள் கைக்கு வந்துவிடுகின்றன. கனமான மறுப்பு ‘மரக்குடில்’ கட்சியினருடையது. நடுவில் ஒரு சிறு சதுரம் வைத்து, சுற்றிலும் மரக்கட்டை அடுக்குவதுபோல் துணிப்பட்டைகளைத் தைத்த அந்தக் கட்டமே அரசன் என்பார்கள். ‘களஞ்சியம் எழுப்புதல்’, ‘நேர் உழவுசால்’ என்று அதன் அடுக்கு முறைகளை வரிசையாகச் சொல்வார்கள். அந்தக் கட்டத்தில் அடர்பட்டைகள் அடுத்தடுத்த இரு பக்கமும் வெளிர்பட்டைகள் மற்ற இரு பக்கமும் அமைகின்றன. பத்தடி தள்ளி நின்று பாருங்கள்: குறுக்கே இரு நிறமாகப் பிரிந்த ஒரு சதுரம்! அரசன் மாறுவேடத்தில் வந்த நம் முக்கோணமே என்று தீர்ப்பளிக்கிறேன்.

தையலை முற்றிலும் இழிவுபடுத்தியதாக இருக்க வேண்டாம். இரு நிறச் சதுரங்களை நல்ல பக்கம் உள்ளே இருக்க ஒன்றின்மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை கோடிட்டு, கோட்டின் இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, கோட்டில் வெட்டினால் இரண்டு துண்டு கிடைக்கும். போர்வையில் சேர்த்துத் தைத்தபின் 3 அங்குலமாக நிற்கும் துண்டு வேண்டுமானால் சதுரத்தை 3⅞ அங்குலமாக வெட்டுவார்கள். உண்மையில் கூட வேண்டியது 0.8535 அங்குலமும் சொச்சமும். அதற்குள் இரண்டின் வர்க்கமூலம், முடிவில்லாத எண், ஒளிந்திருக்கிறது. கணித மேதைகளைத் திணறடித்த அந்த எண்ணை அமெரிக்கப் பாட்டிமார் ஏழின் கீழ் எட்டு என்று அடக்கி, மிச்சத்தைத் துணியின் தலையில் கட்டிவிட்டார்கள். குறுக்கு வெட்டு ஊடுக்கும் பாவுக்கும் சாய்வாக ஓடுகிறது. நம் ரவிக்கைத் தையற்காரர்கள் ‘கிராஸ்’ என்பது இதைத்தான். இழுத்த இழுப்புக்கு நீளும். ஆகவே தைத்தபின் இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல், வைத்து வைத்து எடுக்க வேண்டும். விரித்த துண்டின் இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் துணுக்குகளை நாய்க்காது என்பார்கள். துண்டுக்கு இரண்டு வீதம் 16 துண்டுக்கு 32. அவற்றைத் திருப்பிப் பயனில்லை, நறுக்கிக் குப்பையில் போடுவதே வழக்கம்.