ஸ்பொன்சர் வந்தால் போதுமா?

கேள்வி: எங்கள் வென்னப்புவ நியூ யங்ஸ் ஆடும் தேசிய கால்பந்து லீக், நல்ல ஸ்பொன்சர் கிடைத்தால் தானாக ஓடிவிடாதா? (வாசகர், சிலாபம்)

பதில்: ஓடும், பந்து ஓடுவது போல: யாராவது உதைத்துக்கொண்டே இருக்க வேண்டும்! டயலொக் நிறுவனத்தின் அனுசரணையில் இங்கே சாம்பியன்ஸ் லீக் நடந்த காலமும் உண்டு. ஆனால் அடுத்த ஆட்டம் எப்போது, எங்கே என்று உறுதியாகத் தெரிந்தால்தான் எந்த நிறுவனமும் தொடர்ந்து பணம் போடும்.

2021 ஏப்ரலில் நாட்டின் முதல் தொழில்முறைத் தொடராக சூப்பர் லீக் பிறந்தது. 10 அணிகள், புத்தளம் கரையோரத்திலிருந்து நியூ யங்ஸ். கொவிட்டால் இடையில் நின்று, மீண்டும் நடந்து, கிண்ணம் களுத்துறை புளூ ஸ்டாருக்குப் போனது. அதே புளூ ஸ்டார் மறு ஆண்டு ஏப்ரலில் கொல்கத்தாவில் இந்தியாவின் ஏடிகே மோகன் பகானிடம் 0-5 எனத் தோற்றது. எதிரணிக்குப் பின்னால் 2014 முதல் ஆண்டுதோறும் நடந்துவந்த ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) இருந்தது.

இங்கே சூப்பர் லீக் அடுத்த ஆண்டு தொடரவில்லை. 2023 ஜனவரியில் இலங்கைக் கால்பந்துச் சம்மேளனத்துக்கு ஃபிஃபா தடை, ஓகஸ்டில்தான் நீங்கியது. அந்த ஏழு மாதம் யார் ஜேர்சியில் பெயர் போட வருவார்கள்?

வென்னப்புவயில் அல்பர்ட் பீரிஸ் மைதானம் இருக்கிறது, ரசிகர்களும் இருக்கிறார்கள். முதலில் மாறாத போட்டி அட்டவணையைக் கேளுங்கள். ஸ்பொன்சரை அப்புறம் தேடலாம்.