அடிப்புளியும் அடிப்புலியும்: அலிபிரியில் வனவிலங்கு தரிசனத்துக்கு உகந்த காலம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

கல்யாணத்துக்கு முகூர்த்தம், விதைப்புக்கு ஆடிப் பட்டம், வடு மாங்காய்க்கு மாசி பங்குனி என்று எதற்கெடுத்தாலும் காலம் வகுத்து வைத்த நம் முன்னோர்கள், சிங்கத்தைப் பார்க்கப் புறப்படுவதற்கு உகந்த மாதம் எது என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரியும் எழுதி வைக்காமல் போனார்களே என்று நான் பலமுறை வியந்ததுண்டு. பல்லி விழுந்தால் பலன் என்ன என்று உடம்பில் அங்கம் அங்கமாகப் பட்டியல் போட்டவர்களுக்குச் சிங்கம் நினைவுக்கு வராமலிருந்திருக்க நியாயமில்லை. சிங்கத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையே அவர்களுக்கு உண்டாகவில்லை என்பதுதான் காரணம் என்று ஒருவாறு சமாதானம் செய்துகொண்டிருந்தேன். அந்தச் சமாதானத்தைக் குலைத்தவர் என் மைத்துனர்.

2023-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் அவர் கென்யாவின் மசாய் மாரா வனத்துக்குப் போய்ப் பத்து நாள் தங்கிவிட்டு, ஒரு துணித் தொப்பியோடும், கழுத்தில் தொங்கும் தூரதிருஷ்டிக் கண்ணாடியோடும், ஒரு சித்தாந்தத்தோடும் வேலூருக்குத் திரும்பினார். தொப்பியை இரண்டே நாளில் கழற்றிவிட்டார், சித்தாந்தத்தைக் கழற்றவில்லை. “அத்தான், மிருகம் பார்க்கிறதுக்குப் பணம் முக்கியமில்லே, சீசன்தான் முக்கியம்” என்று திண்ணையில் உட்கார்ந்தபடி ஆரம்பிப்பார். காபி ஆறி, ஆடை கட்டி, என் சகோதரி வந்து டம்ளரை எடுத்துக்கொண்டு போகும் வரையில் முடிக்கமாட்டார்.

அவர் உபதேசித்ததன் சாரம் வருமாறு. கிழக்கு ஆப்பிரிக்காவில் மார்ச் முதல் மே வரை பெய்யும் நீண்ட மழையில் புல் ஆளுயரம் வளர்ந்துவிடுகிறது. குட்டைகளெல்லாம் நிரம்பி, எங்கு திரும்பினாலும் தண்ணீர் கிடைப்பதால் மிருகங்களும் எங்கு வேண்டுமானாலும் திரிகின்றன. வண்டிச் சக்கரம் சேற்றில் புதைகிறது. விடுதிக்காரர் வாடகையைக் குறைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஜூனிலிருந்து அக்டோபர் வரையிலான வறட்சியிலோ புல் குட்டையாகி, இலை உதிர்ந்து, எஞ்சிய சில நீர்நிலைகளை நாடி யானையும் எருமையும் வந்தே தீரவேண்டியிருக்கிறது. அவற்றை நாடிச் சிங்கம் வருகிறது. சிங்கத்தை நாடி மைத்துனர் வருகிறார். ஜூலைக்குமேல், செரெங்கெட்டியில் மேய்ந்துகொண்டிருந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூ என்னும் காட்டுமாடுகள் வரிக்குதிரைகளையும் கூட்டிக்கொண்டு மாரா நதியைக் கடக்கின்றன; நதியில் முதலைகள் காத்திருக்கின்றன. அந்த மாடுகள் கன்று ஈனுவதைப் பார்க்க விரும்புகிறவர், டான்சானியாவின் தெற்குப் புல்வெளியில் பிப்ரவரி மாதத்தில் காத்திருக்க வேண்டும். போட்ஸ்வானாவின் ஓகாவாங்கோவில் நிலைமை இன்னும் விசித்திரம்: எங்கோ அங்கோலா மலைகளில் பெய்த மழை மாதக்கணக்கில் ஊர்ந்து, உள்ளூர் வானம் ஒரு சொட்டும் சிந்தாத வறட்சிக் காலத்தில் வெள்ளமாக வந்து சேருகிறது. இத்தனையையும் ஒரே சூத்திரமாக மைத்துனர் சுருக்கிவிட்டார்: தண்ணீர் குறையக் குறைய தரிசனம் கூடும்.

இந்தச் சூத்திரத்தை நம் பக்கத்துக்குப் பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்குத் திருமலையின் அடிவாரமான அலிபிரியைத் தேர்ந்தெடுத்ததற்கு, வேலூரிலிருந்து பஸ் வசதி இருப்பது ஒன்று மட்டுமே காரணமன்று. ‘சஃபாரி’ என்பது ஸ்வாஹிலிச் சொல். பிரயாணம் என்று பொருள். அரபு மொழியின் ‘சஃபர்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. மூட்டை முடிச்சோடு, கால்நடையாகக் கூட்டம் கூட்டமாகப் போவதற்குத்தான் முதலில் அந்தப் பெயர் வழங்கிற்று. ஜீப்பும், குளிர்ந்த சோடாவும், துணித் தொப்பியும் பிற்காலத்து இடைச்செருகல். அப்படியிருக்க, தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக, செருப்பில்லாமல், சேஷாசலக் காட்டின் நடுவே 3,550 படிகளை ஏறிப்போகிற கூட்டத்துக்கு அந்தப் பெயரை மறுத்துவிட்டு, கம்பி ஜன்னலுக்குப் பின்னே உட்கார்ந்து கடலை கொறிக்கிறவருக்கு அதைச் சூட்டுவது எந்த நியாயத்தில் சேரும்?

இடத்தை நிச்சயித்த பிறகு பெயரை ஆராய வேண்டுவது மரபு. அலிபிரி என்பது ‘அடிப்புளி’யின் திரிபு என்பது வைணவர்கள் சொல்லிவரும் வழக்கு. மலையடிவாரத்தில் ஒரு புளியமரம் நின்றதாகவும், அதன் நிழலில்தான் திருமலை நம்பி தம் மருமகனான இராமாநுஜருக்கு ஓராண்டுக் காலம் இராமாயண அர்த்தங்களைச் சொல்லிவைத்ததாகவும் சம்பிரதாயம். மாமன் மலையிலிருந்து நாள்தோறும் இறங்கிவந்து பாடம் சொல்வாராம்; மருமகன் அடிவாரத்திலேயே காத்திருப்பாராம். இது மூத்த பட்சம். இதற்கு எதிராக, அந்தச் சொல் ‘அடிப்புலி’யாகத்தான் இருக்க வேண்டும், ஏடெழுதியவன் கைப்பிழையால் லகரம் ளகரமாயிற்று என்று என் மைத்துனர் ஒரு பட்சத்தை எழுப்பினார். ஓர் எழுத்துத்தான் பேதம். ஆனால் ஒன்று ரசத்தில் விழுவது, மற்றொன்று நம்மேல் விழுவது என்பதால் அறிஞர்கள் இதை அலட்சியம் செய்வதற்கில்லை. இரு பட்சத்தையும் சமரசம் செய்யும் வழி ஒன்று உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

காலங்களைப் பார்ப்போம். சூத்திரப்படி சித்திரையும் வைகாசியும்தான் உத்தமம். மலைச் சுனைகள் வற்றி, செம்மரங்கள் இலையுதிர்த்து நிற்க, பாறையும் புதருமாகக் காடு உள்ளே வரையில் தெரிகிற மாதங்கள் அவை. 1989-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீ வேங்கடேஸ்வரா தேசியப் பூங்கா சுமார் 353 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. சேஷாசலம் 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமும் ஆயிற்று. சிறுத்தை, செந்நாய், கடமான், கரடி, தேவாங்கு, பாறையிடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும் தங்கப் பல்லி எல்லாம் அங்கே உண்டு. ஆனால் எந்தக் கோடை மிருகத்தைத் தண்ணீருக்கு விரட்டுகிறதோ, அதே கோடை பார்க்கிறவனையும் தண்ணீருக்கு விரட்டுகிறது. கூரை விட்டுப்போன இடங்களில் கருங்கல் படி காய்ந்த தோசைக்கல்லாகிவிடுவதால், அடுத்த நிழல் எத்தனை படியில் வருகிறது என்பதைத் தவிர வேறெதையும் கண் பார்ப்பதில்லை. கரடியே எதிரில் வந்தாலும் காலடியில் நிழல் இருக்கிறதா என்று முதலில் விசாரிக்கத் தோன்றும்.

ஐப்பசியும் கார்த்திகையும் அதமம். வடகிழக்குப் பருவமழையில் கபில தீர்த்தத்து அருவி இரைச்சலோடு விழ, எல்லாச் சுனையும் நிரம்பி, மிருகம் எந்த நீர்நிலைக்கும் கட்டுப்படாமல் போய்விடுகிறது. மனிதனுக்கும் ஆபத்து: 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் சீனிவாசமங்காபுரம் பக்கத்தில் மலையேறும் இன்னொரு வழியான ஸ்ரீவாரி மெட்டுப் பாதையின் படிகள் சேதமாகி, மறு வருஷம் மே மாதம் வரையில் அடைத்துக் கிடந்தது. மலைச் சாலையில் பாறைகள் உருண்டன. மார்கழிப் பனியில் நாலு படிக்கு அப்பால் நிற்பவர் மிருகமா மாமியாரா என்று தெரியாது. ஆக, அந்த மூன்று மாதங்களையும் தள்ளிவிடலாம்.

எஞ்சியவற்றுள் முக்கியமானது புரட்டாசி. அதைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். மாராவைக் கடக்கிற பத்து லட்சத்தைப் பற்றி உலகமே வாய் பிளக்கிறது. திருமலைக்கு வருஷத்துக்கு இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்கள் ஏறுகிறார்கள் என்பதை மட்டும் யாரும் பெரும் இடப்பெயர்ச்சி என்று சொல்வதில்லை. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மஞ்சள் வேட்டியும் நெற்றி நிறைந்த நாமமுமாகத் தென் திசையிலிருந்து புறப்படும் கூட்டத்தை அலிபிரியில் கருடன் சிலையருகே நின்று பார்த்தால், நூ மாடுகளுக்குச் சொன்ன இலக்கணமெல்லாம் பொருந்துவது தெரியும். ஒரு வித்தியாசம்: நூ புல்லுக்காகப் போகிறது, நம்மவர் இருந்த முடியையும் கொடுத்துவிட்டு வருகிறார். உச்சிக்குச் சற்றுக் கீழே, தெலுங்கர் மோக்காலமெட்டு என்றும் தமிழர் முழங்கால் முறிச்சான் என்றும் சொல்லும் செங்குத்தான படிகளின் அடியில், மாரா நதிக் கரையின் காட்சியை அப்படியே காணலாம். கூட்டம் வந்து நிற்கும், மேலே பார்க்கும், ஒருவர் தண்ணீர் குடிப்பார், ஒருவர் துண்டை உதறிக் கட்டுவார், ஒருவர் “அவங்க வரட்டும்” என்று வராத யாரையோ சாக்குச் சொல்வார், எவரும் கால் வைக்கமாட்டார். திடீரென்று ஒரு பாட்டி, மஞ்சள் குங்குமத்தால் ஒவ்வொரு படிக்கும் பொட்டு வைத்தபடி குனிந்த தலை நிமிராமல் ஏற ஆரம்பிப்பாள். அவ்வளவுதான், நின்ற கூட்டம் முழுவதும் அவள் பின்னால் திரண்டுவிடும். ஆப்பிரிக்காவிலும் இப்படித்தான், முதலில் இறங்குவது ஒன்றுதான் என்று மைத்துனர் சொன்னார். அந்த ஒன்று பாட்டியா என்று அவர் கவனிக்கவில்லை.

இங்கே ஆராய்ச்சியின் போக்கையே மாற்றும் ஒரு விஷயம் குறுக்கிடுகிறது. 2023 ஆகஸ்டில் இந்தப் பாதையோரத்தில் ஒரு குழந்தை சிறுத்தையால் உயிரிழந்தது. அந்தத் துயரத்தைப் பற்றி இந்தக் கட்டுரையின் நடையில் மேற்கொண்டு ஒரு சொல்லும் எழுதலாகாது. அதன் பின்னர் காட்டில் கூண்டுகள் வைத்துச் சில சிறுத்தைகள் பிடிக்கப்பட்டன. பிற்பகல் இரண்டு மணிக்குமேல் சிறுவர்களைப் படியேற விடவில்லை. செப்டம்பரில், நடந்து போகிறவர் கையில் ஆளுக்கொரு தடியும் கொடுக்கலானார்கள். அலிபிரியில் வாங்கிக்கொண்டு, வழியில் நரசிம்மர் சந்நிதியில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அப்போதைய ஏற்பாடு.

இந்தத் தடி ஒரு பிரமாணம். மாராவுக்குப் போகிறவர் மிருகத்தைக் காண வேண்டுமென்று பணம் கட்டுகிறார். அலிபிரியில் ஏறியவர் மிருகத்தைக் காணக் கூடாதென்று தடி வாங்கினார். முன்னவருக்கு வறட்சி உத்தமம், மழை அதமம் என்றால், பின்னவருக்கு அதே பஞ்சாங்கத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்க வேண்டும். என் முன்னோர் சிங்கத்துக்கு மாதம் குறிக்காததன் காரணமும் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அவர்கள் குறித்துத்தான் வைத்திருந்தார்கள். எதைத் தவிர்க்க வேண்டும் என்ற முகத்தில் குறித்து வைத்திருந்தார்கள்.

அதோடு, சிறுத்தைக்குப் பருவம் என்று தனியே ஒன்று கிடையாது, பொழுதுதான் உண்டு. அந்தியிலும் இரவிலும் விடியலிலும் அது நடமாடுகிறது. எங்கே நடமாடுகிறது என்பது அதன் வயிற்றைப் பொறுத்தது. வழிநடைக்காரர் போட்டுவிட்டுப் போகிற எச்சில் உணவைத் தேடி நாயும் காட்டுப்பன்றியும் பாதையோரம் வருகின்றன. நாயைத் தேடிச் சிறுத்தை வருகிறது. நம்மவர் கட்டிக்கொண்டு போவது என்ன? வாழையிலையில் புளியோதரை. புளி சிந்தினால் நாய். நாய் வந்தால் புலியின் தங்கையான சிறுத்தை. ஆக அடிப்புளியும் அடிப்புலியும் ஒரே சங்கிலியின் இரு நுனிகள் என்றும், இரண்டு பட்சத்தாரும் மெய்யே சொன்னார்கள் என்றும் இங்கே நிறுவப்படுகிறது. தயிர்சாதம் கட்டிச் செல்வோரின் நிலை தனி ஆராய்ச்சிக்கு உரியது.

காணத்தான் வேண்டும், ஆனால் இரும்பு வலைக்கு இப்பால் இருந்து காண வேண்டும் என்போருக்கு 1987-இல் ஏற்பட்ட ஸ்ரீ வேங்கடேஸ்வரா மிருகக்காட்சிசாலை பக்கத்திலேயே இருக்கிறது. ஐயாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட அந்தப் பரப்பில் வண்டியில் போய்ச் சிங்கம் பார்க்கலாம். சர்க்கஸ்களிலிருந்து மீட்கப்பட்ட சிங்கங்களைப் பராமரிக்கும் நிலையமும் அங்கே உண்டு. சர்க்கஸ் சிங்கங்கள் ஆப்பிரிக்க ரத்தமும் ஆசிய ரத்தமும் கலந்தவை என்பதால், மைத்துனர் ஆகாய விமானத்துக்குக் கொடுத்த பணத்தில் பாதி வீண் என்று கணக்கிட்டுச் சொன்னேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.

சமாதானம் ஆனபின், புரட்டாசி முதல் வாரத்தில் இருவரும் விடியற்காலையில் அலிபிரிக்குப் போனோம். கையில் தடி, கழுத்தில் தூரதிருஷ்டிக் கண்ணாடி, மனத்தில் சிறுத்தை என்று அவர் ஏறினார். வழியில் வரும் காலி கோபுரம் வரையில் மூச்சு வாங்கியதில் ஒன்றையும் பார்க்க முடியவில்லை. ஏழாவது மைல் என்னும் இடத்தில் வேலிக்குப் பின்னே பத்தடி தூரத்தில் நின்ற புள்ளிமானைக் கண்ணாடியில் நோக்கி, ஏதோ பழுப்புச் சுவர் தெரிகிறது என்றார். அதற்கப்பால் காடு நெருங்கிய இடத்தில், புதர் அசைந்தது. “அத்தான், அசையாதீங்க” என்று தடியைத் தாழ்த்தி, கண்ணாடியை உயர்த்தினார். புதரிலிருந்து ஒரு குரங்கு வெளிப்பட்டு, அவர் தோள்பையில் துருத்திக்கொண்டிருந்த வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு, தோலை அங்கேயே உரித்துப் போட்டுவிட்டுப் போயிற்று. குரங்குக்குப் பருவமும் இல்லை, பொழுதும் இல்லை.

நரசிம்மர் சந்நிதி வந்தது. சிங்கம் பார்க்க வந்தவருக்குப் பாதிச் சிங்கமாவது தரிசனமாயிற்றே என்று நான் சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். தடிகளை வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தவர் சித்தூர்த் தமிழில், “என்னா சாமி, வழியில எதுனா கண்ணுல பட்டுச்சா?” என்று கேட்டார்.

“ஒண்ணுமே படலேப்பா” என்றார் மைத்துனர், முகம் தொங்கிப்போய்.

அவர் எங்கள் தடிகளைக் குவியலில் சாத்திவிட்டு, சந்நிதிப் பக்கம் திரும்பி இரு கைகளையும் தலைக்குமேல் குவித்து, “கோவிந்தா!” என்றார். பின்னால் நின்ற வரிசை முழுவதும் அதை வாங்கிச் சொல்லிற்று. மைத்துனர் மட்டும் கண்ணாடியை அதன் உறைக்குள் போட்டு, பொத்தானை மெல்ல அழுத்திக்கொண்டிருந்தார்.