ஆராய்ச்சிக்குக் கேட்ட பணம்

1990-களின் தொடக்கத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையில் நான் சேர்ந்தபோது, ஆராய்ச்சிக்கு எங்கே பணம் கிடைக்கும் என்று தெரிந்துகொள்வதே பெரும்பாடு. டெல்லிக் கருத்தரங்குக்குப் போய்வந்த பேராசிரியர் யாராவது சொன்னால் உண்டு. இல்லாவிட்டால் துறைத் தலைவரின் மேசையில் ஒரு சுற்றறிக்கை கிடைக்கும். அது எங்கள் கண்ணில் படும்போது கடைசித் தேதி முடிந்திருக்கும்.

ப்ரொபோசலைக் கையால் எழுதி, அலுவலகத் தட்டச்சர் ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். பட்ஜெட்டில் ஒரு கூட்டல் தப்பினால் அந்தப் பக்கம் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். பிறகு ஜெராக்ஸ், டீன் கையெழுத்து, முத்திரை. டெல்லி அன்சாரி நகரில் இருக்கும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கு (ஐ.சி.எம்.ஆர்.) கனத்த ஒரு கட்டு பதிவுத் தபாலில் போகும். பதில் வருவதற்குள் ஒரு பருவமழை வந்து போய்விடும்.

இன்று என் கைபேசியில் வாரம் தவறாமல் ஆராய்ச்சி நிதிக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் ஏதோ ஓர் அழைப்பு வந்து விழுகிறது. ஐ.சி.எம்.ஆர். விண்ணப்பம் முழுக்க ஆன்லைனில். வெல்கம் டிரஸ்டும் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2008-இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ், மருத்துவர்களுக்கும் பொது சுகாதார ஆய்வாளர்களுக்கும் தனி ஃபெலோஷிப் தருகிறது. எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே இரண்டு மாத ஆய்வு செய்ய ஐ.சி.எம்.ஆரின் எஸ்.டி.எஸ். திட்டம் இருக்கிறது. தென்கோடியில் படிக்கும் ஒரு மாணவி, தன் விடுதி அறையில் உட்கார்ந்தபடியே டெல்லியிடம் பணம் கேட்க முடிகிறது. எங்கள் தலைமுறைக்குக் கிட்டாத வாசல் இது. மனதார மகிழ்கிறேன்.

நோயாளியை நடத்தும் விதமும் மாறியிருக்கிறது. அன்று பல இடங்களில் ஒரு வாய்ச்சொல்லோடு ரத்தம் எடுத்தார்கள். இன்று எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் இல்லாமல் ஒரு பைசா வராது. சம்மதப் படிவம் நோயாளிக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். மருந்துப் பரிசோதனை என்றால், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே தேசியப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2009 முதல் அது கட்டாயம். இந்த வேலைகளை வெறும் காகிதச் சுமை என்று இளையவர்கள் அலுத்துக்கொள்ளும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஆனால் ஒன்று தலைகீழாகிவிட்டது. அன்று கேள்வி எங்களிடம் இருந்தது, பணத்தைத் தேடினோம். இன்று பணம் முதலில் வருகிறது, தலைப்பையும் சுமந்துகொண்டு.

சில மாதங்களுக்கு முன் தாலுகா மருத்துவமனையில் பணியாற்றும் ஓர் இளம் மருத்துவர் என்னைப் பார்க்க வந்தார். நான் இப்போது மதிப்பீட்டுக் குழுக்களில் உட்காருகிறேன் என்பதால் ஆலோசனை கேட்டு வருவார்கள்.

“மேடம், ஒரு கிராண்ட் கால் வந்திருக்கு. ஏ.ஐ. வச்சு எக்ஸ்ரே படிக்கிற மாதிரி ஏதாவது எழுதினா கிடைக்கும்னு சொல்றாங்க.”

“உங்க ஓ.பி.யில உங்களை ரொம்ப உறுத்துறது எது?”

கொஞ்ச நேரம் யோசித்தார். “கிட்னி போய் வர்றவங்க மேடம். கரும்பு வெட்டுறவங்க, செங்கல் சூளைல வேலை பார்க்கிறவங்க. சர்க்கரை இல்ல, பிரஷர் இல்ல. நாற்பது வயசுகூட ஆகல. நேரா டயாலிசிஸுக்குத்தான் அனுப்ப வேண்டியிருக்கு.”

“அதை எழுதுங்களேன்.”

“அதுக்கு கால் இல்லையே மேடம்.”

காரணம் தெரியாத இந்தச் சிறுநீரக நோய் மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் பல ஆண்டுகளாக ஆராயப்படுகிறது. வெயிலில் கடும் உழைப்பு, உடலில் நீர் வற்றுதல், குடிநீர், பூச்சிமருந்து என்று பல காரணங்களைச் சந்தேகிக்கிறார்கள். இந்த மருத்துவருக்கு வேண்டியது ரத்தத்தில் கிரியாட்டினின் பார்க்கும் செலவும், தோட்டத்துக்கே போய் ஆட்களைப் பார்க்க இரண்டு களப்பணியாளர்களும்தான். சில லட்ச ரூபாயில் முடியும். ஐ.சி.எம்.ஆர். அண்மையில் அறிவித்த ‘சிறிய’ நிதித் திட்டத்தின் உச்சவரம்போ இரண்டு கோடி ரூபாய். அந்தப் போட்டியில் ஆய்வுக்கூடமும் புள்ளியியல் நிபுணரும் முன்பே வெளியான கட்டுரைகளும் உள்ள பெரிய நிறுவனங்கள் நிற்கின்றன. ஓ.பி.யில் நாளெல்லாம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு இரவில் விண்ணப்பம் எழுதும் ஒருவர் அவற்றோடு எப்படி மோதுவார்?

கேள்வியை நோயாளியின் பக்கத்திலிருந்து எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. 1986-இல் மதராஸ் மருத்துவக் கல்லூரியில் முதுநிலை மாணவியாக இருந்த நிர்மலா, தன் ஆய்வேட்டுக்காகப் பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வழிகாட்டியவர் டாக்டர் சுனிதி சாலமன். வசதி எதுவும் இல்லை; மாதிரிகளை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்து, பரிசோதிக்க வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப் போனார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் உறுதியானது. அந்த நாளில் இங்கே அந்த நோய் வராது என்று பெரியவர்கள் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படி நம்பியவர்கள் தலைப்பு வகுத்திருந்தால் இந்தக் கேள்வி அதில் இடம்பெற்றிருக்காது.

இன்னும் பழையதும் எனக்கு மிக நெருக்கமானதும் சேத்துப்பட்டுக் கதை. 1956-இல் மதராஸ் அரசு, ஐ.சி.எம்.ஆர்., உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. பொறுப்பேற்றவர் வாலஸ் ஃபாக்ஸ். அன்று காசநோய் என்றால் சானடோரியம், நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு. படுக்கைகளோ சொற்பம், நோயாளிகளோ லட்சக்கணக்கில். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எளியது. நெரிசலான வீட்டில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு, வேலைக்கும் போய்க்கொண்டு ஒருவர் மாத்திரை மட்டும் ஒழுங்காக எடுத்தால் குணமாவாரா?

இருநூறுக்கும் குறைவான நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு பாதியை வீட்டிலும் மறுபாதியைச் சானடோரியத்திலும் வைத்து ஓராண்டு சிகிச்சை தந்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். உடன் வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வு பெரிய காரணம்.

அந்த முடிவைத் தூக்கி நிறுத்தியவர்கள் களப்பணியாளர்கள். முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போவார்கள், மாத்திரைகளை எண்ணுவார்கள், மருந்து உடலுக்குள் போயிருக்கிறதா என்று பார்க்கச் சிறுநீர் மாதிரி வாங்குவார்கள். வராத நோயாளியைத் தெருத் தெருவாகத் தேடுவார்கள். அந்த மையம் முதலில் ஐந்தாண்டுத் திட்டமாகத்தான் நினைக்கப்பட்டது. ஐந்தாண்டு முடிந்ததும் கலைத்துவிடவில்லை, 1964-இல் ஐ.சி.எம்.ஆர். அதை நிரந்தர நிறுவனமாகத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான்.

மையத்தை நிரந்தரமாக்கிய இந்த ஒரு முடிவு எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. இன்று எங்கள் திட்டங்களுக்கு ஆயுள் பெரும்பாலும் மூன்று வருடம். முதல் ஆறு மாதம் ஆள் எடுப்பதிலும் கொள்முதலிலும் போய்விடும். மார்ச் நெருங்கும்போது “யூசி போட்டாச்சா?” என்ற கேள்வியைத் தவிர வேறு எதுவும் காதில் விழாது, பயன்பாட்டுச் சான்றிதழ் போகாமல் அடுத்த தவணை வராது. தவணை தாமதமானால் முதலில் நிற்பது களப்பணியாளரின் சம்பளம். எங்கள் திட்டமொன்றில் ஒரு அக்கா இருந்தார். எந்த வீட்டுக்காரர் எப்போது குடித்துவிட்டு வருவார், எந்தப் பெண் மாமியாருக்குத் தெரியாமல் மாத்திரை சாப்பிடுகிறாள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். திட்டம் முடிந்த மாதம் அவர் ஜவுளிக்கடை வேலைக்குப் போனார். அந்த அறிவு எந்த இறுதி அறிக்கையிலும் ஏறவில்லை. மருத்துவர்களுக்கு அடுத்த திட்டம் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை.

வெளிநாட்டுப் பணத்தை நம்பியவர்கள் நிலை இன்னும் கடினம். 1995-இல் யு.எஸ்.எய்ட் பணத்தில், சென்னை அடையாறில் உள்ள தன்னார்வ சுகாதார சேவை நிறுவனத்தின் வழியாகத் தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. தடுப்பு வேலை தொடங்கியது. சிறுசிறு அமைப்புகளுக்குப் பணம் பிரிந்து போய், லாரி ஓட்டுநர்கள் வரை பேச்சு எட்டியது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அப்படிப் பணம் பெற்ற அமைப்பு அதை வேறோர் அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. 2025-இல் யு.எஸ்.எய்டே மூடப்பட்டது. வேறொரு நாட்டின் தேர்தல் முடிவில் நம் ஊர்க் களப்பணியாளரின் வேலை தொங்கக் கூடாது.

நம் பணத்தாலேயே நல்ல ஆய்வு முடியும் என்பதற்கும் சான்று உண்டு. ஜார்க்கண்டில் நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வு ஐ.சி.எம்.ஆர். நிதியில் நடந்தது. காசநோயாளியின் குடும்பத்தாருக்குக் கூடுதல் உணவு கொடுத்தால் அவர்களுக்கு நோய் வருவது குறையுமா என்று கேட்டார்கள். ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது என்று 2023-இல் முடிவு வெளியானது. நம் மாநிலத்தின் காசநோய் இறப்பில்லாத் திட்டம் 2022-இல் தொடங்கியது. எடை, மூச்சு, எழுந்து நிற்க முடிகிறதா என்பது போன்ற எளிய அளவுகளைக் கொண்டே ஆபத்தான நோயாளியை முதல் நாளே கண்டுபிடித்து மருத்துவமனையில் சேர்க்கச் சொல்கிறது அது. இரண்டுமே நோயாளியின் அருகில் நின்று கேட்ட கேள்விகள்.

ஆகவே நிதி தருபவர்களிடம் என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு மாவட்டத்திலும் தாலுகா, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் என்று சில லட்ச ரூபாய் அளவில், தலைப்பு விதிக்காத நிதியை ஆண்டுதோறும் ஒதுக்குங்கள். விண்ணப்பம் நான்கு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தமிழில் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி புள்ளியியல் உதவி தரட்டும். களப்பணியாளர்களை மாவட்ட அளவில் நிரந்தரமாக வேலைக்கு வைத்து, திட்டங்கள் மாறினாலும் அவர்கள் மாறாதபடி செய்யுங்கள்.

இளம் மருத்துவர்களே, அழைப்பு வரும் என்று காத்திருக்காதீர்கள். ஓ.பி.யில் உங்களை உறுத்தும் நோயாளிகளை இன்றிலிருந்தே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: வயது, ஊர், தொழில், கிரியாட்டினின். ஓராண்டுக் குறிப்பு கையில் இருந்தால், மதிப்பீட்டுக் குழுவில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களால் உங்கள் கேள்வியைத் தள்ளிவிட முடியாது.