பக்கத்துத் தோட்டத்தில் என்ன?

ஊட்டி பக்கம் கேத்தி பாலாடாவில் எங்கள் தாத்தாவுக்கு வருஷம் என்பது மூன்று போகம். ஏப்ரல், மே மாதம் விதை இறக்கினால் கார்போகம். ஆகஸ்ட், செப்டம்பரில் கடைப்போகம். ஜனவரி வாக்கில், ஓடைத் தண்ணீர் எட்டுகிற பள்ளத்து நிலத்தில் மட்டும் நீர்போகம். மூன்றிலும் உருளைக்கிழங்குதான். எழுதி வைத்த திட்டம் எதுவும் வீட்டில் கிடையாது. சமையலறைச் சுவரில் கரிக்கோடுகள் இருக்கும். அவையும் மேட்டுப்பாளையம் மண்டியில் வாங்கிய முன்பணத்தின் கணக்கு.

என்னிடம் எல்லாம் இருக்கிறது. மண்வள அட்டை இருக்கிறது. அடுத்த பத்து நாள் மழையைச் சொல்லும் செயலி இருக்கிறது. மண்டி விலை வாட்ஸ்ஆப்பில் வந்துவிடுகிறது. எந்தப் படிமட்டத்தில் எப்போது கேரட், எப்போது பீட்ரூட் என்று கணினியில் கலர் கலராகக் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். பார்க்கிறவர்கள் தோட்டத்தை விட அந்தக் கட்டத்தைத்தான் பாராட்டுகிறார்கள்.

தாத்தா காலத்தில் எல்லாம் இயற்கை, எல்லாம் சுத்தம் என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். மூன்று போகமும் ஒரே கிழங்கைப் போட்டு நிலத்துக்கு மூச்சுவிட நேரம் கொடுக்காத மனிதர் அவர். 1961ல் இந்த மலையில் முட்டைக்கூடு நூற்புழு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வேரில் கடுகை விடச் சின்னதாக மஞ்சள் மணிகள் ஒட்டியிருக்கும். அந்தக் கூட்டுக்குள் முட்டை இருபது வருஷம்கூடச் சாகாமல் கிடக்கும். பயிரை மாற்றிப் போடுங்கள் என்றார்கள். தாத்தா மருந்தை மாற்றிப் போட்டார். நாற்றம் தாங்காமல் பாட்டி மருந்து பட்ட மேல்சட்டையை வீட்டுக்குள்ளேயே விடமாட்டாள்.

பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடச் சொன்னதையும் அவர் கேட்கவில்லை. "குறுக்கே போட்டா தண்ணி நிக்கும், கிழங்கு அழுகும். அழுகினா சொன்னவரா வந்து வாங்குவார்?" என்பார். பாத்தி மேலிருந்து கீழாகவே ஓடியது, கூடவே மேல்மண்ணும். 2009 நவம்பர் மழையில் மிச்சமும் ஓடைக்குப் போனபோது பார்க்க அவர் இல்லை.

நடுவில் அப்பா. புழுவுக்குப் பயந்து கிழங்கை நிறுத்தி, மேட்டு நிலம் முழுக்கத் தேயிலை வைத்தார். தேயிலைக்குப் போகமும் கிடையாது, யோசனையும் கிடையாது, இலை பறித்தால் காசு என்றார். கொஞ்ச காலம் வந்தது. தொண்ணூறுகளின் கடைசியில் பசுந்தேயிலை விலை விழுந்ததும் பறிகூலிக்கே கட்டவில்லை. அப்பாவைப் பற்றி இவ்வளவு போதும், அவரே இதை வாசிப்பார்.

இப்போது என் முறை, கேரட். விதைத்தால் ஏறக்குறைய நூறு நாள். தாத்தா காலத்தில் காய்கறியை ஓடையில் கொட்டிக் காலால் மிதித்துக் கழுவுவார்கள். இன்று மெஷின் கழுவித் தருகிறது. லாரி விடிவதற்குள் மலை இறங்க வேண்டும் என்பதற்காக நள்ளிரவில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கேரட் பிடுங்குகிறோம். தாத்தா அந்த நேரத்தில் நன்றாகத் தூங்குவார்.

போன டிசம்பரில் செயலி, உறைபனி இல்லை என்றது. நம்பிப் படுத்தேன். விடிந்து பார்த்தால் பள்ளத்துப் பாத்தி முழுக்க வெள்ளை. மேட்டிலிருந்து இறங்கும் குளிர் பள்ளத்தில்தான் தேங்கும். ஊட்டிக்கும் என் பள்ளத்துக்கும் ஒரே கணக்குப் போட்டால் அப்படித்தான். தாத்தா அந்த நிலத்தில் டிசம்பரில் எதையும் வைத்ததில்லை. அது சோம்பேறித்தனம் என்று என் கட்டத்தில் திருத்தியிருந்தேன்.

தாத்தாவின் பெரிய வித்தை ஒன்று உண்டு. சித்திரை பிறந்ததும் மேட்டில் ஏறி நின்று பீடி பற்றவைப்பார். மேகம் பார்க்கிறார் என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன். பிறகு பாட்டிதான் சொன்னாள்: பக்கத்துத் தோட்டத்தில் எத்தனை மூட்டை விதை இறங்குகிறது என்று எண்ணுவாராம். எண்ணிவிட்டு, அதற்கு மேல் ஒரு மூட்டை போடுவார். அவர்களும் போடுவார்கள். ஆடியில் எல்லோர் கிழங்கும் ஒன்றாக மண்டிக்குப் போய் நிற்கும்.

எனக்கு மேடு ஏற வேண்டியதில்லை. பக்கத்துத் தோட்டத்துத் தம்பி கேரட் விதை டப்பாவைப் பிடித்தபடி ஸ்டேட்டஸ் வைத்திருந்தான். பார்த்த அன்று சாயங்காலமே என் கட்டத்தில் பீன்ஸ் என்றிருந்த இரண்டு படிமட்டத்தைக் கேரட்டாக மாற்றினேன்.

நேற்று அவன் மேட்டில் நின்று என் தோட்டத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். கையசைத்தான். நானும் அசைத்தேன்.