இளவரசப் பழிப்பியல்: ஓர் உரை

பிரிட்டிஷ் அரச குடும்பத்து இளையவர்மேல் ஊரார் சொல்லும் பழி நால்வகைப்படும் என்க: எண்ணிப் பழித்தல், இடம் சுட்டிப் பழித்தல், மூத்தோரொடு ஒட்டிப் பழித்தல், செய்த தொண்டையே பழித்தல். சும்மா பழித்தல் என ஐந்தாவது ஒன்று உண்டென்பாரும் உளர். அது நான்கினுள்ளும் அடங்குதலின் தனியே கூறிற்றிலம்.

எண்ணிப் பழித்தலுக்கு முதல்நூல் 'கோர்ட் சர்குலர்'. பத்திரிகைகள் தம் நடமாட்டத்தைத் தப்பும் தவறுமாக எழுதுவது கண்டு எரிச்சலுற்ற மூன்றாம் ஜார்ஜ் மன்னர் 1803-இல் தொடங்கிவைத்த அன்றாடக் குறிப்பு அது. யார் எந்தக் கட்டடத்தைத் திறந்தார், எந்தத் தூதரைப் பார்த்தார் என்பதோடு சரி. ஓய்வுபெற்ற காப்பீட்டுத் தரகர் ஒருவர் இதைப் பல்லாண்டு விடாமல் படித்து, தலைக்கு எத்தனை நிகழ்ச்சி என்று கூட்டி, வருடக் கடைசியில் 'டைம்ஸ்' இதழுக்குக் கடிதம் எழுதிவந்தார். பாவம், அவர் கூட்டினார், அவ்வளவுதான். அதை ராங்க் கார்டாக்கி ஃபெயில் போட்டவர்கள் மற்றவர்கள்.

2015-இல் 89 வயது எலிசபெத் ராணியின் கணக்கில் முந்நூறுக்கு மேல். 33 வயதுப் பேரன் வில்லியம் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. உடனே 'உடம்பு வளையாத பிள்ளை' என்ற பட்டம் வந்தது. அற்றேல், அந்த ஜூலை முதல் அவர் கிழக்கு ஆங்கிலியா ஏர் ஆம்புலன்ஸில் ஹெலிகாப்டர் ஓட்டினாரே, அது சேராதோ எனின், சேராது. உயிருக்குப் போராடுபவரைத் தேடிப் பறந்த ஒரு முழு ஷிஃப்ட் பூஜ்யம். கயிற்றை இழுத்துக் கல்வெட்டுத் திரையை விலக்கிய பத்து நிமிடம் ஒன்று. சம்பளத்தைத் தொண்டுக்குக் கொடுத்ததும் கூட்டலில் ஏறாது.

இடம் சுட்டல் எளிது. 2017 மார்ச்சில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் காமன்வெல்த் நாள் வழிபாடு; வில்லியமோ வெர்பியரில் பனிச்சறுக்கு. அங்கே கிளப்பில் ஆடிய வீடியோவும் வெளியே வந்தது. இதற்கு உரை வேண்டா.

ஒட்டிப் பழித்தலில் எதிரே நிறுத்தப்படுபவர் பெரும்பாலும் தாத்தா ஃபிலிப், இல்லையேல் அத்தை ஆன். 22,219 தனி நிகழ்ச்சிகளை முடித்து 96 வயதில் ஓய்வு பெற்ற மனிதரோடு நிறுத்தினால் எவர்தான் தேறுவார்? ஆன் 1970-இலேயே 'சேவ் த சில்ட்ரன்' தலைவரானவர். இளமையில் அவரைச் சிடுமூஞ்சி என்று எழுதிய அதே வர்க்கம்தான் இன்று உழைப்புக்கு அவரை இலக்கணம் காட்டுகிறது. ஆகவே இவ்வகைப் பழிக்கு மருந்து மூப்பு ஒன்றே. அதற்கும் நாற்பது வருடம் பத்தியம் இருக்க வேண்டும்.

நான்காம் வகையே சுவை மிக்கது. முன் மூன்றும் செய்யாமைக்கு வருவன. இது செய்தமைக்கு வருவது. 1987-இல் எலிசபெத் ராணியின் கடைசி மகன், 23 வயது எட்வர்டு, ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் அக்கா, அண்ணன், அண்ணி எல்லோரையும் கூட்டி, இடைக்கால உடை மாட்டி, பிரபலங்களை வைத்துத் தொலைக்காட்சி விளையாட்டு நடத்தினார். தொண்டு அமைப்புகளுக்குப் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. முடிந்ததும் நிருபர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டிருக்கிறார். சிரிப்புத்தான் பதில். விருட்டென்று எழுந்து வெளியேறினார். மறுநாள் செய்தி அந்த வெளிநடப்பு, பணம் அன்று.

டயானா 1997 ஜனவரியில் அங்கோலாவில் தலைக்கவசமும் மார்புக் கவசமும் அணிந்து கண்ணிவெடி நிலத்தில் நடந்தபோது, அவரைக் கட்டுக்கடங்காதவர் என்று சாடியவர் ஒரு துணை அமைச்சர். நாடா வெட்டினால் வெட்டி வேலை, கண்ணிவெடி என்றால் அரசியல். இரண்டுக்கும் நடுவே நிற்கும் இடம் எவ்வளவு அகலம் என்பதை எந்த ஆசிரியரும் சூத்திரம் செய்திலர்.

புறனடை: இந்நான்கிலும் அடங்காத ஒன்று உண்டு. 2020-இல் வெளியான, 'கிவிங் எவிடன்ஸ்' என்னும் அமைப்பின் ஆய்வு, அரச குடும்பத்துப் புரவலரால் தொண்டு அமைப்பின் வருமானம் உயர்ந்ததற்குச் சான்று காணோம் என்றது. அத்தகைய அமைப்புகளில் 74 சதவீதத்துக்கு முந்தைய ஆண்டு புரவலர் ஒரு பொது நிகழ்ச்சிக்கும் வரவில்லை என்றும் சொன்னது. பழிப்பதானால் பழிக்கத் தக்க இடம் இதுவே என்பது என் துணிபு. ஆனால் இதில் கிளப்பும் இல்லை, பனிச்சறுக்கும் இல்லை. ஆதலின் பழிப்போர் இதனை எடுத்தாளுதல் அரிதே என்க.